ஊர்ப் பாதுகாப்புப் பணிக்கு அரசு நிதி: தண்ணீர் நிற்கும்போதே தொடங்க வேண்டிய வேலை

தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்த மறுநாள் ஊரே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது. மனுவில் "வெள்ளத்திலிருந்து எங்களைக் காக்க உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கும். அந்த வரி நூறு சதவீதம் நியாயமானது. ஆனால் அதை வைத்து எந்த அதிகாரியாலும் ஒரு ரூபாய் ஒதுக்க முடியாது. அரசுப் பணம் ஒரு தலைப்பின் கீழ், ஒரு பணிக்கு, ஒரு சர்வே எண்ணில், ஒரு மதிப்பீட்டின் பேரில்தான் வெளியே வரும். பாதிக்கப்பட்ட மக்களின் கவலையை அப்படி ஒரு பணியாக மாற்றிக் கொடுக்கும் ஊருக்குப் பணம் வருகிறது. மாற்றத் தெரியாத ஊர் ஒவ்வோர் ஆண்டும் நிவாரணப் பையோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளையும் நகரக் குடியிருப்போர் சங்கங்களையும் மனதில் வைத்து, அந்த மாற்றத்தைப் படிப்படியாக இங்கே சொல்கிறோம்.

எந்தப் பணம் எதற்கு

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ல் வந்தது. அதன் 48வது பிரிவு மாநிலங்களில் இரண்டு வகை நிதி இருக்க வேண்டும் என்கிறது: மீட்பு நிதி ஒன்று, தணிப்பு நிதி மற்றொன்று. பலரும் குழம்புவது இங்கேதான். மீட்பு நிதி, நடந்துவிட்ட பேரிடருக்கானது. உணவு, முகாம், வீட்டுச் சேத உதவி, பயிர்ச் சேத உதவி ஆகியவை அதிலிருந்து போகும். புதிதாகச் சிறுபாலம் கட்ட அந்தப் பணத்தைக் கேட்டால் மனு முதல் மேசையிலேயே நின்றுவிடும். அடுத்த மழையில் சேதம் குறைய வேண்டும் என்ற நோக்கத்தில் செய்யும் பணிக்குத் தணிப்பு நிதி.

15வது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியில் 80 சதவீதத்தை மீட்புக்கும் 20 சதவீதத்தைத் தணிப்புக்கும் பிரித்தது. அந்த 80க்குள்ளும் 40 உடனடி நிவாரணம், 30 மறுகட்டமைப்பு, 10 தயார்நிலையும் திறன் வளர்ப்பும். தமிழ்நாட்டுக்கு இந்த நிதியில் 75 சதவீதம் ஒன்றிய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. 2026 ஏப்ரல் முதல் 2031 வரை 16வது நிதி ஆணையத்தின் காலம். அதனால் புதிய மனுவில் பழைய விகிதங்களை எழுதாதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் நடப்பு வழிகாட்டுதலின் நகலை வாங்கி, அதன் பத்தி எண்ணைக் குறிப்பிடுங்கள்.

தணிப்பு நிதியில் இன்னொரு வேலி உண்டு. உள்ளூர் அளவில், மக்கள் பங்கேற்போடு செய்யும் பணிகளுக்கே அது என்றும், கடலரிப்புத் தடுப்புச் சுவர், பெரிய ஆற்றங்கரை போன்றவற்றை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்ய வேண்டும் என்றும் 2022ல் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. ஆற்றுக்கு முழு நீளக் கரை கேட்டால் அது நீர்வளத் துறையின் வேலை. தெருவுக்கு வடிகால், சிறுபாலம், தங்குமிடத்தைப் பலப்படுத்துதல், எச்சரிக்கை ஒலிபெருக்கி என்றால் பேசலாம்.

தணிப்பு நிதி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழியாக மாநிலத்துக்குப் போய்த்தான் திரும்பி வரும். மாதக்கணக்கில் ஆகும். சிறிய பணிக்கு அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் பணத்தைப் பாருங்கள்.

ஊராட்சிக்கு வரும் நிதி ஆணைய மானியத்தில், 15வது ஆணையத்தின் கணக்குப்படி, 60 சதவீதம் குறிப்பிட்ட பணிகளுக்குக் கட்டுண்டதாக இருந்தது: பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 சதவீதத்தைச் சம்பளம், அலுவலகச் செலவு தவிர்த்து உள்ளூர்த் தேவைக்குப் பயன்படுத்த முடிந்தது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. ஒரு தொகுதியில் எத்தனை ஊர்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஓர் ஊர் எவ்வளவு கேட்பது பொருத்தம் என்பது தெரிந்துவிடும்.

நமக்கு நாமே திட்டம் தனி வகை. பணி மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். 9 லட்சம் ரூபாய் பணிக்கு 3 லட்சம். வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள், ஊர்ச் சங்கம், உள்ளூர்த் தொழிற்கூடம் ஆகியோர் சேர்ந்தால் இது எட்டாத தொகை அல்ல. பங்களிப்பை யார் பெயரில் வரைவோலையாக எடுப்பது என்பதை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் மாறினால் வரைவோலை திரும்பி வரும், அதற்குள் அந்த ஆண்டின் ஒதுக்கீடு முடிந்திருக்கும்.

ஒரே பணிக்கு இரண்டு தலைப்பில் கேட்கும் பழக்கம் வேண்டாம். எங்காவது கிடைக்கட்டும் என்று ஆறு இடத்தில் ஒரே மனு கொடுத்தால், ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் காரணம் காட்டும். இரட்டை ஒதுக்கீடு என்ற அச்சம் அவர்களுக்கு உண்மையிலேயே உண்டு. தணிக்கையில் அது பெரிய குற்றம். பணியைப் பிரித்து, வடிகால் ஒரு நிதியில், சிறுபாலம் வேறொரு நிதியில் என்று தெளிவாக எல்லை போட்டுக் கேட்கலாம்.

தண்ணீர் வடிவதற்குள் எடுக்க வேண்டிய சான்று

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. மனு எழுதுவது பெரும்பாலும் ஜனவரிக்கு மேல். அதற்குள் சுவரில் இருந்த ஈரக்கறை காய்ந்து, வெள்ளையடித்து, தடயமே இல்லாமல் போயிருக்கும். பிப்ரவரியில் பொறியாளர் வந்து பார்த்தால் காய்ந்த தெருதான் தெரியும்.

தண்ணீர் நிற்கும் அன்றே இதைச் செய்யுங்கள். தெருவில் ஐந்தாறு வீடுகளின் வெளிச்சுவரில், நீர் மட்டத்துக்குச் சரியாக எண்ணெய்ப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். சாக்பீஸ் வேண்டாம், அடுத்த மழையில் போய்விடும். கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து, வாசற்படியிலிருந்து எத்தனை செ.மீ. என்பது தெரியும்படி படம் எடுங்கள். கைபேசியில் இருப்பிடக் குறிப்பு படத்திலேயே பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் இருப்பிடத் தகவல் அழிந்துவிடும். மூலப் படத்தைத் தனியாகச் சேமியுங்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. தண்ணீர் ஏறும்போது அழைத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிவையுங்கள். பின்னால் "இந்த ஊரில் இருந்து அப்போது தகவலே வரவில்லையே" என்ற பேச்சுக்கு அந்த எண்ணே பதில்.

ஆழத்தை அளப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மழைவெள்ளத்தால் பாதிக்கப்படக்கூடியவை என்று அரசு பட்டியலிட்ட 4,133 இடங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டவை. 5 அடிக்கு மேல் நீர் தேங்கும் இடம் மிக அதிக பாதிப்பு, 3 முதல் 5 அடி அதிக பாதிப்பு, 2 முதல் 3 அடி மிதமானது, 2 அடிக்குள் குறைவானது. உங்கள் பகுதி மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் எந்த வகையில் இருக்கிறது, அல்லது இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மாவட்ட இணையதளத்தில் அந்தத் திட்டம் கிடைக்கும். பட்டியலில் இல்லாத இடத்துக்குத் தணிப்பு நிதி கேட்பது மேட்டில் தண்ணீர் ஏற்றுவது போல. முதலில் பட்டியலில் சேர்க்கச் சொல்லி, ஆழ அளவுகளோடு வட்டாட்சியருக்குத் தனி மனு கொடுங்கள். 3 அடி ஆழத்தை "முழங்கால் அளவு" என்று எழுதிக் கொடுத்து ஒரு வகை கீழே இறங்கிய ஊர்கள் உண்டு.

பாதிக்கப்பட்ட வீடுகளின் கணக்கையும் அந்த வாரத்திலேயே எடுங்கள். கதவு எண், குடும்பத் தலைவர், எத்தனை பேர், 60 வயதுக்கு மேல், 5 வயதுக்குள், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி, எத்தனை நாள் வெளியே இருந்தார்கள், எங்கே போனார்கள். ஒரு நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு வரி போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி ஒப்பம் வாங்கிவிட்டால் அது ஆவணம்.

எவ்வளவு பெரிய பாலம் வேண்டும்?

மனுவில் "பெரிய பாலம் வேண்டும்" என்று எழுதினால், ஏற்கெனவே இருக்கும் அளவிலேயே புதிதாக ஒன்று வந்து நிற்கும். அளவை ஊரே கணக்கிட்டுக் காட்டலாம், கடினமில்லை.

தெருவுக்கு வந்து சேரும் நீரின் வரத்துப் பரப்பு 40 ஹெக்டேர் என்று வையுங்கள். மணிக்கு 60 மி.மீ. மழை. 40 ஹெக்டேர் என்பது 4 லட்சம் சதுர மீட்டர், அதை 0.06 மீட்டரால் பெருக்கினால் 24,000 கன மீட்டர். பாதி மண்ணில் இறங்கிவிடும் என்று வைத்தால் 12,000 கன மீட்டர் ஒரு மணி நேரத்தில் ஓடி வரும். 3,600 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 3.3 கன மீட்டர்.

இப்போது சாலைக்கு அடியில் இருக்கும் 600 மி.மீ. சிமென்ட் குழாயைப் பாருங்கள். அதன் வாய்ப் பரப்பு 0.28 சதுர மீட்டர். நீர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நிறைந்து ஓடினால் 0.42 கன மீட்டர் போகும். இரண்டு குழாய் இருந்தால் 0.85. வருவது 3.3, போவது 0.85. மீதி ஒரு மணி நேரத்தில் சுமார் 9,000 கன மீட்டர் சாலைக்கு மேற்புறம் தேங்கும். தாழ்வான பகுதி 3 ஹெக்டேர் என்றால் எல்லா இடத்திலும் 30 செ.மீ., அதாவது ஓர் அடி. இரண்டு மணி நேர மழைக்கு இரண்டு அடி. சுவரில் நீங்கள் போட்ட கோடு இந்தக் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போனால், பிறகு எந்தப் பொறியாளரும் 600 மி.மீ. குழாயை மறுபடி போட்டுத் தர முன்வர மாட்டார். 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் உள்ள பெட்டி வடிவச் சிறுபாலத்தின் வாய் 2.4 சதுர மீட்டர். அதே வேகத்தில் 3.6 கன மீட்டர் போகும்.

இது சுமார்க் கணக்குதான். சரிவு, மண் வகை, வடிகாலின் கரடு ஆகியவற்றைச் சேர்த்துப் பொறியாளர் திருத்துவார். கட்டும் அளவை முடிவு செய்வது அவர். உங்கள் கணக்கு அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கும்.

மறந்துவிடுகிற ஒன்று: சிறுபாலத்தைப் பெரிதாக்கினால் அந்தத் தண்ணீர் கீழே யார் தலையில் போய் விழும்? வடிகாலின் கீழ்முனை ஏரியில் சேர்கிறதா, அடுத்த ஊரின் வயலில் முடிகிறதா என்று நடந்தே போய்ப் பாருங்கள். அடுத்த ஊராட்சிக்குள் போகிறது என்றால் அவர்களையும் சேர்த்து, இரு ஊர்த் தீர்மானத்தோடு ஒரே பணியாகக் கேளுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கிய பணிகள் பாதியில் தகராறில் நின்றிருக்கின்றன. கீழூர்க்காரர்களின் கோபமும் நியாயமானது.

நிலம்

மனுக்கள் அதிகமாகச் சாவது இந்த இடத்தில். பணி நடக்கும் சர்வே எண்ணின் புல வரைபடமும் 'அ' பதிவேட்டு நகலும் மனுவில் இல்லாவிட்டால் கோப்பு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் மாதக்கணக்கில் தூங்கும். நீங்களே எடுத்து இணையுங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே இரண்டும் கிடைக்கும்.

பதிவேட்டில் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். சாலைப் புறம்போக்கு, நத்தம், ஊராட்சிக்குச் சொந்தமான இடம் என்றால் சிக்கல் குறைவு. ஏரி, குளம், வாய்க்கால், ஓடை என்று இருந்தால் அதன் மேல் தங்குமிடம், கிடங்கு, எதையும் கட்டக் கேட்காதீர்கள். நீர்நிலையில் கட்டடம் கட்ட அனுமதி வராது, வரவும் கூடாது. வடிகால் போகும் வழியில் ஒரு மூலை பட்டா நிலத்தில் விழுந்தால், உரிமையாளரின் தானப் பத்திரம் ஊராட்சி பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். "அண்ணன் வாயால சொல்லிட்டார், பிரச்சினை இல்லை" என்பது கோப்பில் ஏறாது. அவர் மனசு மாறாவிட்டாலும், பாகம் பிரித்துக்கொண்ட பிள்ளைகள் மாறலாம்.

ஆக்கிரமிப்பு இருந்தால் மறைக்காதீர்கள். இத்தனை மீட்டரில் ஆக்கிரமிப்பு உள்ளது, அகற்ற இந்தத் தேதியில் மனு கொடுத்திருக்கிறோம் என்று சேர்த்து எழுதுங்கள். பணி ஆணை வந்த பிறகு அது வெளியே வந்தால், ஒப்பந்ததாரர் நிறுத்துவார், நிதியாண்டு முடியும்.

கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜனவரி 26 மிக முக்கியம். மழை முடிந்து சான்று கையில் இருக்கும், புதிய நிதியாண்டு தொடங்க இரண்டு மாதம் இருக்கும். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் பணி இடம்பெற வேண்டும் என்பதால் அதற்கு முன் அக்டோபர் 2 கூட்டத்திலேயே வாயைத் திறந்துவிடுங்கள்.

குறைவெண் வரம்பைக் கவனியுங்கள். மக்கள் தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஆள் குறைவான கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை யாராவது ஒருவர் எதிர்த்து எழுதினால் போதும், அடிப்படையே ஆடிவிடும். வருகைப் பதிவேட்டின் நகலையும் தீர்மான நகலோடு சேர்த்து வாங்குங்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சபை கூடும், தீர்மானம் செல்லும்.

தீர்மானத்தின் வாசகத்தில் இடம், அளவு, பாதிப்பு, நிலம், பராமரிப்பு ஐந்தும் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"நமது ஊராட்சி 3வது வார்டு கீழத்தெருவில் சாலைக்கு அடியில் உள்ள 600 மி.மீ. குழாய் இரண்டும் போதாமையால், கடந்த இரு வடகிழக்குப் பருவமழைகளில் 64 வீடுகளுக்குள் 2 அடி முதல் 3 அடி வரை நீர் புகுந்து 241 பேர் வெளியேற நேர்ந்தது. மேற்படி இடத்தில், சாலைப் புறம்போக்கு என வகைப்பாடு செய்யப்பட்ட சர்வே எண் ____-ல், 2 மீட்டர் அகலம் 1.2 மீட்டர் உயரத்தில் சிறுபாலமும் அங்கிருந்து ஏரி வரத்து வாய்க்கால் வரை 180 மீட்டர் நீளத்துக்கு வடிகாலும் அமைத்துத் தர மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தைக் கேட்டுக்கொள்ளவும், பணி முடிந்தபின் ஆண்டுதோறும் ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் தூர்வாரும் செலவை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து ஏற்கவும் தீர்மானிக்கப்பட்டது."

கடைசி வரி முக்கியம். பராமரிப்பு யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பணி பட்டியலில் கீழே போகும்.

நகரப் பகுதியில் கிராம சபை இல்லை. அங்கே வார்டு குழு, பகுதி சபா கூட்டங்களில் இதே வாசகத்தைப் பதிவு செய்து, மாமன்ற உறுப்பினர் வழியாக மன்றத் தீர்மானமாக்க வேண்டும். உதவிப் பொறியாளரோடு தெருவை நடந்து காட்டுவது எல்லா மனுவையும்விட வேகமாக வேலை செய்யும்.

மதிப்பீடு முதல் பணி ஆணை வரை

மதிப்பீட்டை ஊரே தனியாளை வைத்துத் தயாரித்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் அந்த ஆண்டின் விலை விகிதப் பட்டியலை வைத்துப் போட வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் தீர்மானத்தைக் கொடுத்து, மதிப்பீடு தயாரிக்கக் கோரும் தனிக் கடிதம் கொடுங்கள். பணி மேற்பார்வையாளர் அளக்க வரும் நாளில் தெருவைத் தெரிந்த இருவர் கூடவே நிற்க வேண்டும். அவர் நாடா பிடிக்கும் இடம் சரியா, வடிகாலின் கீழ்முனை வரை அளந்தாரா என்று பாருங்கள். 180 மீட்டருக்குப் பதில் 120 மீட்டரில் நின்றுவிட்டால், கடைசி 60 மீட்டருக்கு இன்னொரு நிதியாண்டு ஆகும். அதுவரை தண்ணீர் அந்த முனையில் தேங்கும்.

விலை விகிதப் பட்டியல் புதுப்பிக்கப்படும்போது பழைய மதிப்பீடு பயனற்றுப் போகும். மார்ச்சில் போட்ட மதிப்பீடு ஆகஸ்ட்டில் அனுமதிக்குப் போனால் திரும்பி வருவதற்கு இதுவே காரணம். நிலுவையில் இருக்கும் கோப்புக்கு ஜூனிலேயே திருத்திய மதிப்பீடு கேளுங்கள். மதிப்பீட்டில் ஜிஎஸ்டி, தொழிலாளர் நல நிதி, மின்கம்பம் அல்லது குடிநீர்க் குழாயை இடம் மாற்றும் செலவு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பணியின் நடுவில் ஒரு மின்கம்பம் நின்று, அதை நகர்த்தும் செலவுக்கு யாரிடமும் பணம் இல்லாமல் வடிகால் வளைந்து போன இடங்கள் பல.

பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை விதிகள்படி 2 கோடி வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். விரைவுக்காகப் பணியைத் துண்டு துண்டாக வெட்டச் சொல்லாதீர்கள். தணிக்கைத் தடை வந்தால் அடுத்த ஒதுக்கீடும் சேர்ந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கான்கிரீட் வேலை முடிய வேண்டும் என்பதால் மே மாதத்துக்குள் பணி ஆணை வரும்படி பின்னோக்கி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடமும் கேமராவும்

எல்லாப் பணியும் கான்கிரீட் அல்ல. பள்ளிக் கட்டடத்தைப் புயல் காலத் தங்குமிடமாகத் தயார் செய்ய நிதி கேட்பவர்கள் முதலில் அதில் எத்தனை பேர் தங்க முடியும் என்று சொல்ல வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச நிவாரணத் தரப்படி ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் மூடிய இடம், நாளுக்கு 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. 20 அடிக்கு 20 அடி வகுப்பறை 37 சதுர மீட்டர். அதில் 10 பேர்தான். மாதிரித் தீர்மானத்தில் சொன்ன 241 பேருக்கு 25 வகுப்பறை வேண்டும், 9 கழிப்பறை வேண்டும். எட்டு வகுப்பறைப் பள்ளியில் 240 பேரை அடைத்துவிட்டு "இடம் இருக்கிறது" என்று எழுதிய திட்டம் உண்மையான புயலில் மூச்சுத் திணறும். இந்தக் கணக்கைக் காட்டினால் இரண்டாவது கட்டடத்தையும் சேர்த்துக் கேட்க நியாயம் கிடைக்கும். கேட்கும் பட்டியலில் சாய்தளம் இருக்கட்டும், 12 அடி நீளத்துக்கு 1 அடி உயர்வுக்கு மேல் போகாமல். ஜெனரேட்டர் மேடையும் மின் சுவிட்சுப் பலகையும் சுவரில் போட்ட வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். தரையில் வைத்த ஜெனரேட்டர், தேவைப்படும் அன்றே தண்ணீருக்குள் இருக்கும்.

கேமரா கேட்கும் ஊர்கள் கேமராவின் எண்ணிக்கையை மட்டும் எழுதுகின்றன. பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதை எழுதுவதில்லை. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜி.பி. எட்டு கேமராவுக்கு 173 ஜி.பி. 4 டி.பி. வன்தட்டு போட்டால் 23 நாளில் பழையது அழியத் தொடங்கும். 30 நாள் வேண்டும் என்றால் 6 டி.பி. கேளுங்கள். மின்தடையில் நிற்காமல் இருக்க மின்சேமிப்புக் கருவி, மின் இணைப்பு யார் பெயரில், மாதக் கட்டணம் எந்தக் கணக்கில், பதிவைக் காவல் நிலையத்துக்குத் தரும் பொறுப்பாளர் யார் என்ற நான்கும் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

ஆள் பயிற்சிக்கும் அரசுத் திட்டம் உண்டு. ஆப்த மித்ரா திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலருக்கு 12 நாள் பயிற்சி, காப்பீடு, மீட்புக் கருவிப் பை தர வகை செய்யப்பட்டது. வயது 18 முதல் 40. உங்கள் மாவட்டத்தில் பயிற்சி பெற்றவர் பட்டியலை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, உங்கள் ஊர்க்காரர்கள் அதில் இருந்தால் தங்குமிடப் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

பணம் வந்த பிறகு

மூடப்போகும் வேலையைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும். அடித்தளக் குழியின் ஆழம், கம்பியின் இடைவெளி, கான்கிரீட் ஊற்றும் முன் குழியில் தண்ணீர் இருந்ததா, எல்லாம் அளவு நாடாவோடு. மேலே பூசிய பிறகு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. அளவுப் புத்தகத்தில் பொறியாளர் எழுதும் அளவின்படிதான் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை போகும். ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ அந்த அளவை நேரில் சரிபார்க்கக் கேட்பதில் தவறில்லை.

பயன்பாட்டுச் சான்று தாமதமானால் அடுத்த தவணை வராது. சங்கமோ அறக்கட்டளையோ ஒன்றிய அரசின் மானியத்தை நேரடியாகப் பெற்றிருந்தால், பொது நிதி விதிகள் 2017ன்படி நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் 12-ஏ படிவத்தில் சான்று தர வேண்டும். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அந்தப் பணம் ஈட்டிய வட்டியும் அரசுடையது. அதைச் சங்கத்தின் வருமானமாக எழுதியது கணக்காய்வில் சிக்கிய பிறகு, நேர்மையாக வேலை செய்தவர்களும் பதில் சொல்ல நின்றிருக்கிறார்கள்.

கோப்பு நகராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு எண் வாங்குங்கள். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. "எங்கள் மனு என்ன ஆனது" என்று கேட்காதீர்கள். "மனு எண் ____ தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்க நகல் தேவை. அது இன்று எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து உள்ளது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பெரும்பாலும் குறிப்புப் பக்கத்தின் கடைசி வரியில் "புல வரைபடம் இணைக்கப்படவில்லை" என்பது போல ஏதோ ஒரு சின்னக் குறைதான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலையிலேயே அந்தப் பிரிவுக்குப் போங்கள்.